வாங்காத கடனைக் கட்டாதீர்கள்!

வீட்டுக்கடன் கேட்டுப் போன இடத்தில், ‘சார், உங்க சிபில்ல ஒரு டியூ நிக்குதே’ என்று மேனேஜர் சொல்லும்போதுதான் பலருக்கும் தங்கள் பெயரில் இன்னொரு கடன் இருப்பதே தெரிகிறது. நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். கேள்வியே படாத நிதி நிறுவனம். பக்கத்தில் ‘ரைட் ஆஃப்’, அதாவது வசூலாகாதென்று தள்ளிவைத்தது, என்று ஒரு குறிப்பு. நான் வாங்கவே இல்லையே என்றால், ‘சின்ன அமௌன்ட்தானே, கட்டிட்டு என்ஓசி வாங்கிட்டு வந்துடுங்க’ என்று நல்ல மனதோடு யோசனையும் சொல்வார்.

அந்த யோசனையை மட்டும் கேட்காதீர்கள். மனைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பத்திரப்பதிவுக்கு நாள் குறித்தாயிற்று, சனியன் தொலையட்டும் என்று கட்டிவிடத்தான் தோன்றும். கட்டினால் அந்தக் கடன் உங்களுடையதென்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அப்புறம் ‘இது என்னுடையது இல்லை’ என்று எந்த முகத்தோடு எழுதுவது? அதிலும் பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் ‘ரைட் ஆஃப்’ போய் ‘செட்டில்டு’ வரும். அதைப் பார்த்தாலும் அடுத்த வங்கி முகம் சுளிக்கும்.

சிபில் போலக் கடன் அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்கள் நம் நாட்டில் நான்கு. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் இருக்கும் விதி. நான்கையும் இறக்கிக்கொள்ளுங்கள். 300-க்கும் 900-க்கும் நடுவே இருக்கிற அந்த மூன்றிலக்க எண்ணை அப்புறம் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது கணக்கு விவரங்கள். கடன் எந்தத் தேதியில் தொடங்கியது, எவ்வளவு, நீங்கள் அதில் கடன்காரரா அல்லது ஜாமீன்தாரரா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். மச்சானின் லாரிக்கோ நண்பனின் பைக்குக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து மறந்திருக்கும். அது தவறான பதிவு ஆகாது. சட்டப்படி உங்கள் தலையில்தான். அதேபோல, நீங்கள் என்றோ வாங்கிய கடனின் பாக்கியை வங்கி ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்தால், புதிய பெயரில் அது நிற்கும். முழுக்கக் கட்டி முடித்த கடனே இப்படி இன்னொரு பெயரில் எழுந்து வந்தால், பழைய என்ஓசியை (தடையில்லாச் சான்றை) தேடி எடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், கடன் வேறு யாருடையதோ. இந்த இடத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு வில்லங்கம் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் விண்ணப்பமோ குடும்பப் பெயர் கேட்கும். அப்பா பெயரைக் கொண்டுபோய் அங்கே வைக்கிறோம். ஒரே பெண் ஒரு கடனில் கே.செல்வி, இன்னொன்றில் செல்வி கே, மூன்றாவதில் செல்வி குமார். பிறந்த தேதியாவது தனியாக இருக்குமா? ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் வயதுக்குத் தோதாகப் போட்டுக்கொடுத்த மே, ஜூன் தேதிகளோடு ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பெயரும் தேதியும் ஒத்துப்போய், பான் எண்ணில் ஓர் எழுத்தை யாராவது மாற்றித் தட்டிவிட்டால் போதும், இரண்டு செல்விகளை ஒரே செல்வியாக்கிவிட முடியும்.

புகார் கொடுப்பது சுலபம். அறிக்கையின் எண்ணைக் குறிப்பிட்டு, இணையத்திலேயே ‘இந்தக் கணக்கு என்னுடையது இல்லை’ என்று டிஸ்பியூட் போடலாம். வம்பு அதற்குப் பிறகுதான். அறிக்கை தயாரிக்கும் நிறுவனம் தானாக எதையும் திருத்தாது. கடன் கொடுத்ததாகச் சொல்கிற நிறுவனத்திடம் கேட்கும். அங்கே ஒருவர் கணினியைப் பார்த்து ‘பதிவு சரிதான்’ என்பார். எந்தக் கணினி? தப்பான பதிவை அனுப்பிய அதே கணினி! உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டதாக மின்னஞ்சல் வரும்.

அதனால் அதே நாளில் கடன் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுதுங்கள். கோபமாக நாலு பக்கம் வேண்டாம். கடன் விண்ணப்பத்தின் நகல், அதோடு வைத்த அடையாள ஆவணங்கள், கையெழுத்து அல்லது ஓடிபி போன கைபேசி எண், எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் தொகை எந்த வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்ற விவரம். இவற்றைக் கேளுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லையென்றால், நீங்கள் பேச வேண்டியதை அந்தக் கணக்கு எண்ணே பேசிவிடும். யாரோ உங்கள் ஆவணத்தை வைத்து வாங்கியது போலத் தெரிந்தால், காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி இணையுங்கள். ரசீது இல்லாத கடிதத்துக்கு நம் ஊரில் என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும்.

புகார் கொடுத்து 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த இந்த உத்தரவு, 2024 ஏப்ரல் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. அந்த 30 நாளில் 21 நாள் கடன் நிறுவனத்துக்கான கெடு. புகாரை நிராகரித்தாலும் காரணம் சொல்லியாக வேண்டும். அப்படியும் நடக்கவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. கடன் அறிக்கை நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. விளக்கம் கேட்க 14448. ஒரு நாளைக்கு நூறு ரூபாய் என்பது ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகும். வீடு கைநழுவிப் போனதற்கு யார் கணக்குப் பார்ப்பது?

வீடு மட்டுமில்லை, வேலையும் போகலாம். கடன் வரலாறு சரியில்லை என்று ஒரு வங்கி பணி நியமனத்தை ரத்து செய்தது செல்லும் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பதிவுகள் பொய்யில்லை. பதிவே பொய்யாக இருக்கிறவரின் கதியை நினைத்துப் பாருங்கள். இந்த அறிக்கைகள் இல்லாவிட்டால் வாராக்கடன் பெருகி, ஒழுங்காகக் கட்டுகிறவனுக்கும் வட்டி ஏறும் என்பது வங்கித் தரப்பின் வாதம். இருக்கலாம்.

யாரோ நம் ஆவணத்தை வைத்துக் கடன் வாங்குகிறார்களே, அந்த ஆவணம் எங்கிருந்து போகிறது? எனக்குக் கவலையெல்லாம் ஜெராக்ஸ் கடையைப் பற்றித்தான். ஆதாரையும் பான் அட்டையையும் படம் எடுத்து, கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, பிரின்ட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். படம் அவர் போனில் இருக்கிறது, கணினியின் டவுன்லோடு ஃபோல்டரில் இருக்கிறது, சரியாக விழாத பிரதி கடை வாசல் குப்பைக்கூடையில் இருக்கிறது. சிம் கார்டுக்கு ஒரு பிரதி, லாட்ஜ் அறைக்கு ஒரு பிரதி, தவணையில் மிக்ஸி வாங்க ஒரு பிரதி. குழுக் கடனில் தலைவியின் பையில் இருபது பெண்களின் ஆவணங்கள். ஆதார் நகலைக் கண்டபடி தராதீர்கள் என்று 2022 மே மாதம் அரசுத் தரப்பிலிருந்தே ஓர் எச்சரிக்கை வந்தது. இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றும்விட்டார்கள். நகல் கேட்கிற கைகள் அதற்குப் பிறகும் குறையவில்லை.

கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரை இலவசமாக இறக்கிக்கொள்ள முடியும். லாட்ஜ்காரருக்கு அது போதும். பான் நகல் கொடுத்தே தீர வேண்டுமானால், எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று நகலின் குறுக்கே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ‘எழுதியிருந்தா வாங்க மாட்டோம்’ என்பார்கள் சிலர். ஏன் என்று கேளுங்கள்.