பனிக்களம் சொல்லும் பங்கீட்டுப் பாடம்

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில், போட்டிச் சந்தை குறித்த பாடத்தை முடிக்கும்போது மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். போட்டியாளர் அடியோடு வீழ்ந்துவிட்டால் வென்றவருக்கும் இழப்பு ஏற்படும் தொழில் எது? வகுப்பில் பெரும்பாலும் அமைதியே நிலவும். விடை, விளையாட்டு. அதற்கு நான் காட்டும் சான்று, நம்மில் பலரும் பார்த்தறியாத அமெரிக்கக் கால்பந்து.

பெயரில் கால் இருந்தாலும், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்துடன் கடந்தால் ஆறு புள்ளிகள்.

1958 டிசம்பர் 28 அன்று நியூயார்க் யாங்கி அரங்கில் பால்டிமோர் கோல்ட்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிகள் இறுதிப் போட்டியில் மோதின. ஆட்டநேர முடிவில் இரு அணிகளும் 17 புள்ளிகளுடன் சமநிலையில் இருந்தன. தேசியக் கால்பந்து லீகின் பட்டம் முதன்முறையாகக் கூடுதல் நேரத்தில் முடிவானது. பால்டிமோர் 23-17 என வென்றது. ஏறத்தாழ 4.5 கோடிப் பேர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்ததாக மதிப்பிடப்படுகிறது.

அந்த வெற்றியிலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. அன்று ஒவ்வோர் அணியும் தன் ஒளிபரப்பு உரிமையைத் தனித்தனியே விற்றுவந்தது. நியூயார்க் அணிக்குக் கிடைக்கும் விலை, விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு லட்சம் பேர்கூட வாழாத கிரீன் பே நகர அணிக்கு எப்படிக் கிடைக்கும்? அந்நிலை நீடித்திருந்தால் பெருநகர அணிகள் கொழுத்திருக்கும். சிறுநகர அணிகள் தேய்ந்திருக்கும்.

1960-இல் லீகின் தலைமைப் பொறுப்பேற்ற பீட் ரோஸெல், எல்லா அணிகளின் உரிமையையும் ஒன்றாக விற்று, வருவாயைச் சமமாகப் பங்கிடலாம் என்றார். அதிகம் இழக்கக்கூடிய நியூயார்க் அணியின் உரிமையாளர்களான மாரா குடும்பத்தினரும் இசைந்தனர். இது ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு முரண் என்று 1961-இல் நீதிமன்றம் தடுத்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற, அதிபர் கென்னடி செப்டம்பர் 30 அன்று கையெழுத்திட்டார். அடுத்து வந்த ஒப்பந்தத்தின் ஆண்டுத் தொகை 46.5 லட்சம் டாலர். 14 அணிகளுக்கும் சமபங்கு.

அதன் பயனை 1967 டிசம்பர் 31 அன்று உலகம் கண்டது. கிரீன் பே நகரின் லம்போ மைதானத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ். நடுவர்களின் ஊதல்கள் உறைந்துபோயின. ஆனாலும் சுமார் 50,000 பேர் அசையாமல் அமர்ந்திருந்தனர். டல்லாஸ் கவ்பாய்ஸ் 17-14 என முன்னிலை வகிக்க, எஞ்சியிருந்தவை 16 விநாடிகள். கோட்டுக்கு மூன்றடிகூட இல்லை. கிரீன் பே அணியின் பார்ட் ஸ்டார் பந்தை எவரிடமும் தராமல் தாமே கோட்டுக்கு அப்பால் பாய்ந்தார். 21-17. அந்த நாளை இன்றும் 'பனிக்கிண்ணம்' என்றே அழைக்கின்றனர்.

லாப ஈவுத்தொகை ஏதும் பெறாத பங்குதாரர்களுக்குச் சொந்தமான சிறுநகர அணி, டல்லாஸ் போன்ற பெருநகர அணியுடன் சரிநிகராக நின்றதில் ஆட்டக்காரர்களின் திறனுக்கும் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் உழைப்புக்குமே முதலிடம். ஆனால், அவர்களைத் தக்கவைத்துக்கொள்ளும் வலுவை அணிக்குத் தந்ததில் அந்தச் சமபங்குக்கும் இடமுண்டு.

இந்தப் பங்கீட்டைக் குறையற்றது என்று நான் சொல்லமாட்டேன். சமத்துவம் உரிமையாளர்களுக்குள் மட்டுமே இருந்தது. விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமை ஆட்டக்காரர்களுக்கு, நெடிய நீதிமன்றப் போராட்டங்களுக்குப் பிறகு, 1993-இல்தான் பரவலாகக் கிடைத்தது. மறு ஆண்டே அணிகளின் ஊதியச் செலவுக்கு உச்சவரம்பும் வந்துவிட்டது. முதலாளிகளின் ஒற்றுமைக்குத் தொழிலாளர் விலை கொடுப்பது பொருளியலில் புதிதல்ல.

எனினும், தனியுடைமையின் தாயகம் என்று கருதப்படும் அமெரிக்காவில், செல்வர்கள் தங்கள் தொழிலைக் காக்கச் சமபங்கைத் தேர்ந்தெடுத்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. அது கருணையல்ல, கணக்கு. எளியவர் களத்தில் நிலைத்திருந்தால்தான் வலியவரின் வெற்றிக்கும் மதிப்பு. அந்தக் கணக்கு விளையாட்டுக்கு மட்டும்தானா என்பதே, என் மாணவர்களிடம் நான் இறுதியாகக் கேட்கும் கேள்வி.