மறுபடியும் தூண்டில் எடுப்பவருக்கு

வாய்க்கால் கரையில் தூண்டில் போட்டு வளர்ந்த பலரும் இருபது வயதுக்குள் அதை விட்டுவிடுகிறார்கள். படிப்பு, வேலை, கல்யாணம், வெளியூர் என்று காலம் ஓடிவிடுகிறது. ஐம்பதை ஒட்டிய வயதில், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, பழைய ஆசை மெல்ல எட்டிப்பார்க்கிறது. உடனே செய்கிற முதல் காரியம், போனைத் திறந்து ஆயிரக்கணக்கில் செலவழித்து ராடும் ரீலும் வாங்குவது. அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடிய முதல் யோசனை. கைக்குப் பழக்கம் சீக்கிரம் திரும்பிவிடும். புழு கோர்ப்பதும், தக்கை அமுங்கும் நேரம் பார்த்துச் சுண்டுவதும் சைக்கிள் ஓட்டுவது மாதிரி, மறக்காது. நீங்கள் இல்லாத காலத்தில் மாறிப்போனது தண்ணீர்தான்.

கோரையும் நாணலும் அடர்ந்திருந்த பாசன வாய்க்கால்கள் பலவற்றில் இன்று கரையும் தரையும் கான்கிரீட். மீன் ஒதுங்க அங்கே வேரும் இல்லை, பொந்தும் இல்லை. ஆற்றில் மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே ஆளை விழுங்கும் குழி இருக்கும். ‘இந்தத் துறையில் நான் நீந்திப் பழகினேன்’ என்ற நம்பிக்கையில் இறங்கிவிடாதீர்கள். ஏரி குளங்களில் ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கிறது.

மீனும் மாறிவிட்டது. அயிரை, ஆரால், உளுவை, குறவை என்று உங்கள் நினைவில் இருப்பவை அபூர்வமாகிவிட்ட நீர்நிலைகள் உண்டு. அங்கெல்லாம் பெரும்பாலும் தூண்டிலில் ஏறுவது ஜிலேபி. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் இது. சேறானாலும் சாக்கடையானாலும் தாக்குப்பிடிக்கும். குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பதால் பெருகிக்கொண்டே போகும். முழங்கை நீளத்துக்குக் கருத்த, வழவழத்த கெளுத்தி ஒன்று வந்தால், அது ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்கலாம். மற்ற மீன்களை விழுங்கித் தீர்ப்பதால், அதை வளர்க்க 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை போட்டது. தொட்டியில் அழுக்குத் தின்பதற்காக வாங்கி, வளர்ந்ததும் யாரோ குளத்தில் கொட்டிவிட்ட ‘டேங்க் கிளீனர்’ மீனும் இப்போது ஏரிகளில் முள்ளுடம்போடு மேய்கிறது. இந்த இரண்டும் உங்கள் தூண்டிலில் சிக்கினால் பாவம் பார்த்துத் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள்.

அதனால் முதல் தடவை தூண்டில் இல்லாமல் போங்கள். காலையில் ஒரு மணி நேரம் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பாருங்கள். பொடிக் குமிழிகள் வரிசையாக மேலே வந்து, அந்த வரிசை மெதுவாக நகர்ந்தால், அடியில் கெண்டை வகை மீன் சேற்றைக் கிளறி மேய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் சும்மா வந்துகொண்டிருக்கும் குமிழி பெரும்பாலும் அழுகும் சருகின் வாயு. பொடிமீன்கள் திடீரென்று சிதறித் துள்ளினால் கீழே விராலோ வேறு வேட்டைமீனோ பாய்ந்திருக்கிறது. மடை, மதகு, கலிங்கு பக்கம் எப்போதும் ஒரு பார்வை வையுங்கள். ஓடும் தண்ணீரில் காற்றும் அதிகம், அடித்துக்கொண்டு வரும் இரையும் அதிகம். பச்சைப் பாசி பிடித்த குளத்தில் விடிவதற்குச் சற்று முன்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் அவை மூச்சுக்குத் திணறுகின்றன. அப்போது இரையைத் தொடாது. வெயில் ஏறிய பிறகு பார்க்கலாம்.

காவிரிப் படுகைக்காரர்களுக்கு ஒரு நாள்கணக்கு உண்டு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று குறுவைக்குத் திறக்கப்படும். தண்ணீர் போதாத வருஷங்களில் தள்ளிப்போகும். புதுத்தண்ணீர் வந்த முதல் சில நாள் ஒரே கலங்கல். கண்ணால் இரை தேடும் மீனுக்கு அப்போது தூண்டில் போட்டுப் பலனில்லை. வாசம் பிடித்து வரும் கெளுத்திக்கு மண்புழுவைக் கோர்த்து அடியில் கிடக்கவிடலாம். தண்ணீர் தெளிந்ததும் மற்றவை வரும்.

அடுத்தது அனுமதி. சிறுவயதில் யாரும் நம்மைக் கேட்கவில்லை. பையன்கள் என்று விட்டுவிட்டார்கள். ஐம்பது வயது ஆள் ரீலோடு போய் நின்றால் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ஏரி, கண்மாய்களில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் ஏலத்தில் குத்தகைக்குப் போயிருக்கும். குஞ்சு வாங்கி விட்டு வளர்ப்பவர் குத்தகைக்காரர். உங்கள் பொழுதுபோக்கு அவருடைய முதலீட்டில் கைவைப்பது. ஊரில் விசாரித்து அவரிடமே கேளுங்கள். ஜிலேபி மட்டும் பிடித்துக்கொள்கிறேன் என்றால் பலர் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள், அது அவருக்கும் தொல்லைதான். ஆற்றிலும் சில பகுதிகள் குத்தகையில் இருப்பதுண்டு. அணைகளில் பெரும்பாலும் உரிமம் பெற்ற மீனவர்களுக்குத்தான் உரிமை; மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்காமல் இறங்கக் கூடாது. பறவைகள் சரணாலயம், காப்புக்காட்டு ஓடை எல்லாம் வனத்துறையின் கையில். சென்னைக்காரர்கள் நினைவில் வைத்திருக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. அங்கே தூண்டில் போட்ட காலம் முடிந்தது. வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. யாராவது தோட்டா வைத்திருக்கிறேன் என்று கூப்பிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

காவிரியின் திமில் மகசீர் மீனைப் பிடிக்கும் ஆசை சிலருக்கு இருக்கும். 1946இல் கபினியில் தூண்டிலில் பிடித்த ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. திமில் மகசீர் 2018இலிருந்து அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

இனி கருவி. நல்ல மூங்கில் கம்பு கிடைத்தால் முதல் மாதம் அதுவே போதும். யானை வளைத்து விட்ட மூங்கில் சட்டென்று மேலெழுவதற்கு, மீன் பிடித்த தூண்டில் நிமிர்வதை உவமை சொன்னதால் ‘மீனெறி தூண்டிலார்’ என்றே பெயர் பெற்ற புலவர் குறுந்தொகையில் இருக்கிறார். மூங்கிலின் அந்தத் துள்ளல்தான் பொடிமீன் பிடிக்க வேண்டியது. 0.20 மில்லிமீட்டர் தங்கூசி நரம்பு, 10 அல்லது 12ஆம் எண் முள், ஒரு மயிலிறகுத் தண்டுத் தக்கை, மிளகளவு ஈயம். முள்ளின் எண்ணில் ஒரு விசித்திரம் உண்டு: எண் ஏற ஏற முள் சிறிதாகும். 1க்கு மேல் பெரிய முட்களுக்கு 1/0, 2/0 என்று கணக்கு மாறி, அங்கே எண் ஏற ஏற முள் பெரிதாகும். கடைக்காரர் சொல்வது புரியாமல் முழிக்க வேண்டாம்.

பரணில் பழைய ராடும் ரீலும் கிடந்தால் தூக்கிப்போடாதீர்கள். நரம்பை மட்டும் முழுதாக உருவி எறியுங்கள்; வெயிலும் வயதும் நைலானைத் தின்றிருக்கும், அதை நம்பினால் முதல் நல்ல மீன் முள்ளோடு போய்விடும். ராடின் வளையங்களில் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே விரிசல். அந்த வளையத்தை மாற்ற வேண்டும். ரீலைத் திறந்து, இறுகிப்போன பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக வையுங்கள்.

நீங்கள் விட்டபிறகு பரவலாக வந்திருப்பது பின்னல் நரம்பு. அதே பலத்துக்குச் சாதா நரம்பில் பாதித் தடிமன்தான். நீளாது என்பதால் மீன் லேசாக முகர்ந்தாலும் கைக்குத் தெரியும். ஆனால் வழுக்கும், முடிச்சு நழுவும். அதற்கு, நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் விட்டு, மடிப்போடு ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, மடிப்பின் வளையத்துக்குள் முள்ளையே நுழைத்து எடுத்து, எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். எச்சில் தொடுவது மூடநம்பிக்கை இல்லை. உலர்ந்த நரம்பு இறுகும்போது உராய்ந்து சூடேறிப் பலம் இழக்கும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு கூடுதல் யோசனை: கரையில் மங்கல் வெளிச்சத்தில் முள்ளின் கண் தெரியாது. வீட்டிலேயே கண்ணாடி போட்டுக்கொண்டு நாலைந்து முட்களைத் துண்டு நரம்பில் கட்டி எடுத்துப் போங்கள்.

ரீலில் இழுவையைத் தளர்த்தி இறுக்கும் திருகு ஒன்று இருக்கிறது. புதிதாக வருபவர்கள் அதை முடிந்தவரை இறுக்கிவிடுகிறார்கள். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்குக்கு ஓடத் தொடங்கினால் சரி. 4 கிலோ தாங்கும் நரம்பென்றால், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ரீலிலிருந்து நேராகத் தொங்கவிடுங்கள். பாட்டில் தானாக மெதுவாகக் கீழிறங்கும் அளவுக்குத் திருகை வையுங்கள். பெரிய மீன் திமிறினால் நரம்பு ஓடும், அறாது.

தூண்டில்காரர்களுக்கு எப்போதும் ஒரு கண் விரால் மேல்தான். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றையும் குடிக்க வேண்டும். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம், நீர்மேல் ஒரு வளையம். அதுதான் அதன் முகவரி. முன்பு உயிர்த் தவளையைக் கோர்த்தார்கள். இப்போது ரப்பர் தவளை கிடைக்கிறது. அதன் இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் ஆகாயத்தாமரை மேலேயே மாட்டாமல் இழுத்து வரலாம். விரால் பாய்ந்ததும் தண்ணீர் வெடிக்கும், கை தானாகச் சுண்டிவிடும், தவளை வெறுமனே திரும்பி வரும். வெடித்த பிறகு ஒரு மூச்சுவிடும் நேரம் பொறுத்து, நரம்பு இழுபட்டதும் சுண்டுங்கள்.

விராலில் ஒரு தர்மம் உண்டு. நீர்மேல் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கில் பொடிக்குஞ்சுகள் பந்தாகத் திரண்டு மேலே வந்து வந்து போவதைப் பார்த்தால், அடியில் தாய்தகப்பன் காவல் நிற்கின்றன. அப்போது பசிக்காமலே, அருகில் வரும் எதையும் தாக்கும். அதைவிட எளிதாக விரால் சிக்கும் வேளை கிடையாது. அதனாலேயே அங்கே தூண்டில் போடக் கூடாது. காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். காவல் நிற்கும் விராலைப் பிடித்து, அதை வீரம் என்று படம் எடுத்துப் போடுபவர்களை நான் தூண்டில்காரர்களாகக் கருதுவதில்லை.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம். கார்பன் ராடில் மின்சாரம் பாயும். மின்கம்பிக்குக் கீழே வீசாதீர்கள், இடி இடித்தால் கீழே வைத்துவிட்டு விலகுங்கள். கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் இருபக்கமும் ஒவ்வொன்றுமாக மூன்று முள். தேளி மீன் குத்தினால் விஷம் ஏறிக் கடுக்கும். பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் அரை மணி நேரமாவது கையை முக்கி வைத்தால் வலி தணியும். சூட்டை மறு கையால் பார்த்துக்கொள்ளுங்கள். வீக்கமோ மயக்கமோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள். தூண்டில் முள் சதையில் ஆழமாக ஏறினால் பிடுங்காதீர்கள், எதிர்முள் சதையைக் கிழிக்கும். அதை எடுப்பது ஆஸ்பத்திரி வேலை, டெட்டனஸ் ஊசியையும் சேர்த்துக் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு சேற்றில் இறங்க வேண்டாம்.

பிடித்த மீனைச் சாப்பிடுவதா விடுவதா என்று பெரிய விவாதம் நடக்கிறது. வீட்டுக் குழம்புக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதில் தப்பில்லை, சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்கும் ஏரியில் பிடித்ததைத் தவிர. விடுவதென்றால் கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். உலர்ந்த கையும் வெயிலில் காய்ந்த கரையும் அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும், பிறகு அது பிழைப்பது கஷ்டம். குறடால் முள்ளின் எதிர்முள்ளை நசுக்கி வைத்திருந்தால் கழற்றுவது நொடி வேலை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெட்டிய நரம்பைக் கரையில் விடாதீர்கள். நைலான் மட்காது, அதில் கால் சிக்கிய கொக்கும் நீர்க்காகமும் பறக்க முடியாமல் பட்டினியில் சாகும். துண்டு நரம்பானாலும் விரலில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, பொடியாக நறுக்கிக் குப்பையில் சேருங்கள். பக்கத்தில் யாரோ விட்டுப்போனது கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.