வள்ளுவர் குரலா, வேகமான குரலா?

ஆங்கிலச் செய்தி வாசிப்பவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சொற்கள் வாசிப்பார். அதற்கு மேல் போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தயாரிப்பாளர் கையை அசைத்து நிதானப்படுத்துவார். வானொலிக்கு வந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே மூச்சும் நிறுத்தமும்தான். ஆனால், பார்வையில்லாத ஒருவர் கணினியில் மின்னஞ்சல் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 300 சொற்கள். நன்றாகப் பழகியவர்களுக்கு அதற்கும் மேல். நமக்கு அது பேச்சாகவே கேட்காது, தகரக் கூரையில் மழை கொட்டுவது போல இருக்கும். அதற்குள் அவர் மூன்று மின்னஞ்சல்களைப் படித்து, ஒன்றை அழித்து, இன்னொன்றுக்குப் பதில் எழுதத் தொடங்கியிருப்பார்.

அந்தக் குரலைத் தரும் மென்பொருள்தான் திரைவாசிப்பி. திரையில் இருக்கும் எழுத்து, பொத்தான், அட்டவணை எல்லாவற்றையும் ஒலியாக்கிச் சொல்லும். சுட்டெலிக்கு இங்கே வேலையே இல்லை, எல்லாம் விசைப்பலகைதான். உங்கள் விசைப்பலகையில் எஃப், ஜே ஆகிய இரண்டு எழுத்துகளிலும் சிறிய மேடு ஒன்று இருக்கும், தடவிப் பாருங்கள். விரலுக்கு அதுதான் வழிகாட்டி.

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு தூரம் இறங்கியதற்குக் காரணம் என் சித்தி மகன். 29 வயது. கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் வேலை. குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோயால் பார்வை படிப்படியாகக் குறைந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு முழுமையாகப் போய்விட்டது. அவனுடைய மேலாளர் நல்லவர். "ஆறு மாதம் வேலையைக் காலியாக வைத்திருக்கிறேன், கணினியில் மறுபடியும் வேலை செய்ய முடியும் என்று காட்டு" என்றார். ஆறு மாதம். அதற்குள் எந்த மென்பொருள், யார் காசு, யார் கற்றுக்கொடுப்பது? சித்தப்பா சேமநிதிப் பணத்தில் கை வைக்கத் தயாராக இருந்தார். விலை கூடியதுதான் நல்லதாக இருக்கும் என்பது அவர் கணக்கு.

விண்டோஸ் கணினிக்குப் பெரும்பாலும் பேசப்படுபவை இரண்டு. ஒன்று ஜாஸ். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்த டெட் ஹென்டர், 1978-இல் ஒரு கார் விபத்தில் பார்வையை இழந்தார். பிறகு கணினி நிரல் எழுதக் கற்று, நிறுவனம் தொடங்கி, 1989-இல் ஜாஸை வெளியிட்டார். இன்று அதன் நிரந்தர உரிமம் வாங்க ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் ஆகும். ரிங்கிட்டில் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல மடிக்கணினியே அதற்குள் வந்துவிடும்.

அந்தக் கணக்குதான் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞரையும் உறுத்தியது. ஒரே கணினிக்குப் பார்வையுள்ளவர் ஒரு விலை கொடுக்க, பார்வையில்லாதவர் இரண்டு விலை கொடுப்பதா? 2006-இல் அவர் தானாகவே ஒரு திரைவாசிப்பியை எழுதத் தொடங்கினார். சிறு வயதில் இசை முகாமில் பழக்கமான ஜேம்ஸ் டே, அவரும் பார்வையற்றவர், கூடச் சேர்ந்தார். அதுதான் என்விடிஏ. இன்றுவரை இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் இயங்குகிறது. அதில் தமிழும் ஒன்று.

இவை தவிர, விண்டோஸுக்குள்ளேயே நரேட்டர் இருக்கிறது. ஆப்பிள் கணினியிலும் ஐபோனிலும் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் டாக்பேக். கைத்தொலைபேசியைப் பொறுத்தவரை பெரிய குழப்பம் இல்லை, வாங்கும் கருவியோடு வருவதுதான். தலைவலி எல்லாம் அலுவலகக் கணினியில்தான்.

சரி, எது நல்லது? உலகெங்கும் திரைவாசிப்பி பயன்படுத்துவோரிடம் வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு அவ்வப்போது கருத்துக் கேட்கும். 2024-இல் வந்த முடிவில், முதன்மையாக ஜாஸ் பயன்படுத்துவோர் 40.5 விழுக்காடு, என்விடிஏ 37.7 விழுக்காடு. ஏறக்குறைய சமம். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று: பதில் சொன்னவர்களில் பத்தில் ஏழு பேர், கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட திரைவாசிப்பிகளை வைத்திருக்கிறார்கள். ஒன்று தடுமாறும் இடத்தில் மற்றொன்று கைகொடுக்கும். "எது நல்லது" என்று கடைக்காரரைப் போல நாம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர்கள் கேட்பது, "இந்த வேலைக்கு எது?"

முதலில் குரல் விவகாரம். பார்வையுள்ள குடும்பத்தினர் பெரும்பாலும் இனிமையான குரலைத்தான் தேடுவார்கள். விண்டோஸில் தமிழ்க் குரல் ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கு வைத்த பெயர் வள்ளுவர். மலாய்க் குரலின் பெயர் ரிஸ்வான். மொழி அமைப்புப் பக்கத்தில் தமிழைச் சேர்த்தால் இலவசமாகவே இறங்கும். வள்ளுவர் மனிதரைப் போலத்தான் பேசுவார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. தம்பியோ, என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரலையே வைத்துக்கொண்டான். அது மூக்கடைத்த ரோபோ பேசுவது போல இருக்கும்.

"வள்ளுவர் நல்லாதான் பேசறாரு அக்கா. ஆனா அவரு பேசி முடிக்கறதுக்குள்ள எனக்கு விடிஞ்சிரும்லா."

குரல்தொழில் செய்பவள் என்பதால் இதன் காரணத்தைக் கொஞ்சம் துருவினேன். இயல்பாகக் கேட்கும் குரல்கள் மனிதர் பேசிய பதிவுகளை அடிப்படையாகக் கொண்டவை. வேகத்தைக் கூட்டினால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பழைய ஒலிநாடாவை வேகமாக ஓட்டுவது போல. ஈஸ்பீக் ஒலியைக் கணக்குப் போட்டே உருவாக்குகிறது. எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் மெய்யெழுத்தின் முனை மழுங்காது. இன்னொன்று, விசையைத் தட்டிய அதே கணத்தில் பேச்சு தொடங்கிவிடும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் விசை தட்டுபவருக்கு, ஒவ்வொரு தட்டுக்கும் கால் நொடி காத்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை! ஜாஸ் பயன்படுத்துவோர் பலர் எலோகுவன்ஸ் என்ற பழைய இயந்திரக் குரலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் இதனால்தான். ஆனால், எலோகுவன்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஈஸ்பீக்குக்குத் தெரியும். நம் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை.

நம் ஊருக்கே உரிய சிக்கலும் உண்டு. மலாயும் ஆங்கிலமும் ஒரே எழுத்து. எழுதியவர் மொழியைக் குறித்து வைக்காவிட்டால் கணினிக்கு எப்படித் தெரியும்? ஆங்கிலக் குரலில் ஓடிக்கொண்டிருக்கும்போது மலாய்க் கடிதம் வந்தால், தண்ணீர் என்னும் 'ஆயர்' காற்று என்னும் 'ஏர்' ஆகிவிடும். தண்ணீர் வெட்டு அறிவிப்பு காற்று வெட்டு அறிவிப்பாகும். தம்பி இப்போது ஒரு விசைச் சேர்க்கையில் குரலை மாற்றிக்கொள்கிறான். ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டச்சு செய்து அனுப்பும் மாமாக்களுக்கு மட்டும் இதுவரை மருந்து இல்லை.

பயிற்சி கொடுத்தவர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அண்ணன். அவருக்கும் பார்வை இல்லை. 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் அது. வெள்ளைக்கோலோடு நடப்பவர்களை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அண்ணன் முதல் மூன்று வாரம் திரைவாசிப்பியையே ஒழுங்காகத் தொடவிடவில்லை. "மொதல்ல பத்து விரல்லயும் தட்டச்சு. அப்புறம் எதை வேணும்னாலும் வாங்கிக்கலாம்" என்றுவிட்டார். அடுத்து என்விடிஏ. அதற்கு அவர் சொன்ன காரணம் காசு மட்டும் இல்லை. இணையப் பக்கத்தில் எச் தட்டினால் அடுத்த தலைப்பு, டி தட்டினால் அட்டவணை, பி தட்டினால் பொத்தான். ஜாஸிலும் இவை அப்படியேதான். ஒன்றில் கை பழகினால் மற்றதற்கு மாற அதிக நாள் ஆகாது.

மின்னஞ்சல், வேர்ட், எக்செல், இணையம் எல்லாவற்றையும் நாலே மாதத்தில் என்விடிஏ வைத்தே பிடித்துவிட்டான். இடித்தது ஒரே ஓர் இடம்: நிறுவனத்துக்காக எப்போதோ எழுதப்பட்ட சரக்குப் பதிவு மென்பொருள். அதன் பொத்தான்களுக்குப் படம் மட்டும் உண்டு, பெயர் இல்லை. பார்வையுள்ளவருக்கு அச்சு இயந்திரத்தின் படம் தெரியும். திரைவாசிப்பிக்கு எதுவும் தெரியாது. "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று எண்ணிக்கொண்டே போகும். எழுதியவர்கள் பெயர் கொடுக்க மறந்தால் எந்தத் திரைவாசிப்பியும் இல்லாததைச் சொல்ல முடியாது.

ஜாஸின் விலைக்கு அர்த்தம் வந்தது இங்கேதான். குறிப்பிட்ட மென்பொருளுக்கென்றே துணை நிரல் எழுதி, இந்தப் பொத்தான் அச்சு, அந்தப் பொத்தான் சேமிப்பு என்று அதற்குக் கற்றுக்கொடுக்கலாம். என்விடிஏவுக்கும் இப்படி எழுத முடியும், எழுதத் தெரிந்த ஆள் கிடைத்தால். அண்ணனுக்குத் தெரிந்தவர் ஜாஸ் நிரல் எழுதுபவர். உரிமம் இல்லாத ஜாஸ் ஒரே நேரத்தில் 40 நிமிடம் ஓடும், பிறகு கணினியை மறுபடி தொடங்க வேண்டும். அந்த 40 நிமிடத் தவணைகளிலேயே மேலாளர் முன்னால் ஒரு சரக்குப் பதிவை முதலிலிருந்து கடைசிவரை செய்து காட்டினான். மேலாளர் கேட்ட ஒரே கேள்வி, "இதற்கு விலை என்ன?"

உரிமத்தை நிறுவனம் தன் பெயரில் வாங்கியது. சித்தப்பாவின் சேமநிதி தப்பியது. அது நிறுவனத்தின் சொத்து, நாளைக்கு இவன் வேலை மாறினால் கூட வராது. அதனால்தான் சொந்தக் கணினிக்கு என்விடிஏவே போதும் என்கிறேன். நிறுவாமலே விரல்சேமிப்பியிலிருந்து இயக்கக்கூடிய வடிவமும் அதில் உண்டு, நேர்காணலுக்குச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால், சில அலுவலகங்களில் வெளி மென்பொருளுக்குத் தடை இருக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நரேட்டர் பேசத் தொடங்கிவிடும்.

எந்தத் திரைவாசிப்பி வாங்கினாலும் தீராத ஒன்று, நாம் அனுப்பும் தமிழ். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பில் கண்ணுக்கு 'அம்மா' தெரியும். உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பி அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் வாசிக்கும். ஆலய அறிக்கை, சங்கக் கடிதம் என்று இன்னும் இப்படி வந்துகொண்டுதான் இருக்கின்றன. யூனிகோடில் தட்டினால் ஒரு தொல்லையும் இல்லை. படமாக வரும் அழைப்பிதழோ இன்னும் மோசம், "படம்" என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடும். எங்கள் குடும்பப் புலனக் குழுவில் போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. படத்துக்குக் கீழே பெரியம்மா யூனிகோடில் நாள், நேரம், மண்டபம் எல்லாம் தட்டிவிட்டு, கடைசியில் "மொய் கட்டாயம்" என்றும் சேர்த்திருந்தார். அதையும் ஈஸ்பீக் அதே வேகத்தில் வாசித்தது.