நோ பார்க்கிங் அபராதமா? பணம் கட்ட செல்போன் போதும். வழக்காட கோர்ட்டு படி ஏறணும்!

திண்டுக்கல்–

செல்போனில் 'டிங்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால், "உங்கள் வண்டிக்கு அபராதம் ரூ.500!"

பஸ் நிலையம் பக்கமும் கடைவீதியிலும் வண்டியை நிறுத்திவிட்டு அவசரமாக ஓடுகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் சத்தம் இது.

மோட்டார் வாகனச் சட்டம் 177-வது பிரிவில் முதல் தடவைக்கு 100 ரூபாய்தான் இருந்தது. 2019-ல் வந்த திருத்தம் அதை 500 ஆக்கியது. மறுபடி சிக்கினால் 1,500!

தப்பு செய்தவர் கட்டிவிட்டுப் போகலாம். தப்பே செய்யாதவர்?

ஆள் இல்லாத கோர்ட்டு!

இதற்காகத்தான் 'விர்ச்சுவல் கோர்ட்டு' வந்தது. 2019 ஜூலையில் டெல்லியில் தொடங்கினார்கள். பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தது.

இங்கே கூண்டும் இல்லை, டவாலியும் இல்லை. சலான் கம்ப்யூட்டர் வழியாக மாஜிஸ்திரேட்டுக்குப் போகிறது. அவர் அபராதத்தை முடிவு செய்கிறார். தகவல் செல்போனுக்கு வருகிறது. பணம் கட்டினால் கேஸ் முடிந்தது.

"நான் கட்ட மாட்டேன், வழக்காடுவேன்" என்றும் சொல்லலாம். அதற்கும் ஒரு பட்டன் உண்டு. ஆனால் அதைத் தட்டியதும் கேஸ் சாதாரண கோர்ட்டுக்கு மாறிவிடும். எந்த ஊரில் குற்றம் நடந்ததாகச் சலான் சொல்கிறதோ, அந்த எல்லைக் கோர்ட்டுக்கு!

நத்தத்துக்காரர் கதி என்ன?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நத்தத்தில் மாங்காய் ஏற்றும் லோடு ஆட்டோக்காரர் ஒருவர். சென்னையில் வண்டி நின்றதாக அவருக்குச் சலான் வருகிறது. நம்பரில் ஒரு எழுத்து மாறிய கோளாறு. வண்டி மதுரையைத் தாண்டியதே இல்லை!

வழக்காட வேண்டுமானால் சென்னை கோர்ட்டு. பஸ் சார்ஜ், சாப்பாடு, வக்கீல் பீஸ், இரண்டு நாள் பிழைப்பு. எல்லாம் கூட்டினால் 500 ரூபாய் எங்கே நிற்கும்? "தொலையுது சனியன்" என்று கட்டிவிடுவார். அப்புறம் அவர் குற்றவாளி கணக்கில்தானே சேருவார்?

முடியாத காரியமா?

இல்லை. 2020-ல் கொரோனா நேரத்தில் ஐகோர்ட்டே வீடியோவில் வழக்கு கேட்டது. கேரளாவில் கொல்லத்தில் 2024 நவம்பர் முதல் செக் மோசடி வழக்குகளுக்கு 24 மணி நேர ஆன்லைன் கோர்ட்டு. இங்கிலாந்தில் பார்க்கிங் அபராதத்தை எதிர்த்துத் தனி தீர்ப்பாயத்தில் ஆன்லைனில் மனு போடலாம். போனிலோ வீடியோவிலோ பேசலாம். கட்டணம் கிடையாது.

அங்கே முடிந்தது இங்கே 500 ரூபாய்க் கேஸில் முடியாதா?

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

சலானில் உள்ள போட்டோவைப் பாருங்கள். வண்டி நம்பர், இடம், தேதி, நேரம் சரிதானா? அந்த நேரத்தில் நீங்கள் வேறு எங்கோ இருந்ததற்கு பெட்ரோல் பங்க் பில், டோல்கேட் ரசீது இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

இன்னொன்று, உஷார்! சலான் என்ற பெயரில் மோசடி லிங்க்கும் வருகிறது. அரசு இணையதளப் பெயர் 'கவ்.இன்' என்று முடியும். அது இல்லாவிட்டால் தொடாதீர்கள். தொட்டால் 500 அல்ல, பேங்க் கணக்கே காலி!

பணத்தை வாங்க செல்போன் போதும் என்கிறார்கள். நம்ம நியாயத்தைக் கேட்கவும் அதே செல்போன் போதாதா?