1971 போரில் பறந்த 'சீ ஹாக்' விமானத்தை வீட்டிலேயே இலவசமா ஓட்டலாம்... எப்படி?

ஆரணியில் தறிச் சத்தம் கேட்கும் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே, 1971 போரில் பறந்த கடற்படை விமானத்தை ஓட்ட முடியுமா? முடியும். காசும் வேண்டாம்.

'ஃப்ளைட்கியர்' ஓர் இலவச விமான சிமுலேட்டர். வேண்டிய விமானத்தைத் தனியாக டவுன்லோடு செய்து சேர்த்துக்கொள்ளலாம்; இதுதான் 'ஆட்-ஆன்'. ஆர்வலர்கள் சம்பளம் வாங்காமல் செய்தவை. அதில் ஒன்று, பிரிட்டன் தயாரிப்பான 'சீ ஹாக்'.

நமக்கு என்ன சம்பந்தம்னு கேட்கிறீர்களா? 1971 டிசம்பர் 4-ல் ஐ.என்.எஸ். விக்ராந்திலிருந்து கிளம்பி காக்ஸ் பஜாரைத் தாக்கியவை சீ ஹாக் விமானங்கள்தான். அப்போது விக்ராந்தின் பாய்லர் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் போக முடியாது. கப்பல் வேகமாகப் போனால்தான் தளத்தின் மேல் எதிர்க்காற்று கிடைக்கும். சின்ன தளத்திலிருந்து விமானம் எழும்ப அந்தக் காற்று ரொம்ப முக்கியம். இறங்கும்போதும் அப்படித்தான். காற்று குறைந்தால் சுமையைக் குறைக்கணும், இல்லைன்னா கடல்தான்.

சிமுலேட்டரில் காற்றைக் குறைத்து வைத்து நீங்களே பாருங்கள். அதில் இருக்கும் அமெரிக்காவின் 'நிமிட்ஸ்' கப்பல் 333 மீட்டர் நீளம். விக்ராந்தோ சுமார் 213 மீட்டர்தான். அவ்வளவு பெரிய கப்பலிலேயே நான் முதல் நாள் முழுக்கக் கடலில்தான் விழுந்தேன்!

1983-ல் சீ ஹாக் ஓய்வுபெற்றது. விக்ராந்தை 2014-ல் மும்பையில் உடைக்கத் தொடங்கினார்கள். கோவா கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஒரு சீ ஹாக் நிற்கிறது.

ஒரு டிப்ஸ்: ஜாய்ஸ்டிக் கடன் வாங்கியாவது வையுங்கள். கீபோர்டை நம்பி கப்பலில் இறங்காதீங்க.