விலை இறங்கிய கார், இறங்காத செலவு

பழைய உயர்திறன் கார் வாங்க எண்ணும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மலைநாட்டுக் கணக்கு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் சாலை, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதியான அச்சாலையில், ஏலத் தோட்டங்களையும் பூப்பாறையையும் கடந்தால் சின்னக்கானலின் தேயிலைச் சரிவுகள் கண்ணில் படும். அதை அடுத்துள்ள சூரியநெல்லியிலிருந்துதான் தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் புறப்படுகின்றன.

இப்பகுதியில் நான் பணியாற்றிய நாள்களில், அத்தகைய ஜீப் ஒன்றுக்கு உரிமையாளரான இளைஞர் ஒருவர் கடன் கேட்டு வந்தார். பயணிகள் தங்கச் சில அறைகளையும் அவர் நடத்திவந்தார். அவர் விரும்பியது ஐந்தாண்டு ஓடிய ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் செடான் கார். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், 18 அங்குலச் சக்கரங்கள். “சார், முப்பது லட்ச ரூபாய் கார். பதின்மூன்று லட்சத்துக்குக் கிடைக்கிறது. விட்டுவிடலாமா?” என்று கேட்டார்.

அவருடைய வருமான வரி அறிக்கையும் கணக்கு நடப்பும் ஒழுங்காகவே இருந்தன. ஒன்பது லட்ச ரூபாய்க் கடனுக்கு அவர் தகுதியுடையவரே. ஆயினும், அவர் என்னிடம் கேட்காத ஒரு கேள்வி எஞ்சியிருந்தது: அந்தக் காரை வைத்திருக்க மாதந்தோறும் எவ்வளவு வேண்டும்?

இரண்டு விலைகள்

எந்தக் காரும் ஆண்டுதோறும் விலை இறங்குகிறது. உயர்திறன் கார்கள் இன்னும் விரைவாக இறங்குகின்றன. ஆனால் அவற்றின் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. பதின்மூன்று லட்சத்துக்கு வாங்கிய காருக்கும், முப்பது லட்சத்துக்கு வாங்கிய காருக்கும் பிரேக் டிஸ்க் ஒரே விலைதான். சந்தை அந்தக் காருக்குத் தள்ளுபடி தருகிறது, பணிமனை தருவதில்லை. உண்மையில், பல பாகங்கள் ஒருங்கே தேய்ந்து மாற்றவேண்டிய வயதை எட்டும்போதுதான் முதல் உரிமையாளர் காரை விற்க முன்வருகிறார்.

சின்னக்கானல் போன்ற ஊரில் இதற்கு மேலும் ஒரு செலவு சேர்கிறது. இத்தகைய கார்களுக்குரிய கருவிகளும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் கொண்ட பணிமனைக்குக் கொச்சிக்கோ மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ செல்லவேண்டும். எந்தத் திசையில் சென்றாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் கார் நின்றுவிட்டால் அதை ஏற்றிச்செல்லும் வண்டிக்கும் வாடகை தரவேண்டும். இளைஞரின் ஜீப்புக்கோ, ஊரிலேயே மெக்கானிக் உண்டு. பாகங்கள் அருகிலுள்ள கடைகளில் கிடைக்கும்.

மலைச்சாலை தேய்ப்பவை

உயர்திறன் காரில் மலைச்சாலையின் சுமையை முதலில் தாங்குவது பிரேக். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாது மிதித்தால் பேடும் டிஸ்க்கும் கடுமையாகச் சூடேறுகின்றன. பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மை உண்டு. டாட்-4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்கவேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்த ஆயிலில் குமிழிகள் தோன்றினால் மிதி தரை வரை செல்லும், கார் நிற்காது. எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த ஆயிலை மாற்றுவதும், இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வருவதும் இன்றியமையாதவை. இச்சிறு செலவைத் தவிர்ப்பவர் உயிரையே பணயம் வைக்கிறார்.

அடுத்தது கியர்பாக்ஸ். விடுமுறை நாள்களில் மூணாறு – பூப்பாறை சாலையில் வாகனங்கள் வரிசையாக ஊர்ந்து செல்லும். அப்போது டூயல் கிளட்ச் காரைப் பிரேக்கால் நிறுத்தாமல், ஆக்சிலரேட்டரை இலேசாக அழுத்தி ஏற்றத்தில் நிறுத்திவைப்பது பலரது பழக்கம். கிளட்ச் தகடுகள் வழுக்கிச் சூடேறித் தேய்வதற்கு இதுவே காரணமாகிறது. அந்தத் தகடுகளையோ, கியர்பாக்ஸை இயக்கும் மின்னணுப் பகுதியையோ மாற்ற நேர்ந்தால் பணிமனையின் பில் ஒரு லட்சத்தைத் தாண்டுவது அரிதன்று.

டயர்களும் அவ்வாறே. பக்கச்சுவர் தாழ்ந்த டயர்கள் வளைவுகளில் காரை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும்; ஆனால் மழைக்காலக் குழிகளில் டயரோடு சக்கரமும் அடிபடும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். ‘2319’ என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். கோடுகள் ஆழமாகத் தெரிந்தாலும், ஆண்டுகள் கடந்த ரப்பர் இறுகி ஈரச்சாலையில் வழுக்கும்.

ஒரு மாதத்தின் கணக்கு

அந்த இளைஞரும் நானும் ஒரு தாளில் கணக்கெழுதினோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம், மலைச்சாலையில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். கடன் ஒன்பது லட்சம். வட்டி எடுத்துக்காட்டாக 11 விழுக்காடு. தவணைக்காலம் 60 மாதங்கள். தங்கள் கார், தங்கள் ஊர் ஆகியவற்றுக்கேற்ப எண்கள் மாறும். எழுதும் முறை மாறாது.

கடன் தவணை: 19,568 ரூபாய்
பெட்ரோல் 100 லிட்டர்: 11,000 ரூபாய்
காப்பீடு (ஆண்டுக்கு 42,000): 3,500 ரூபாய்
வழக்கமான சர்வீஸ் (ஆண்டுக்கு 36,000): 3,000 ரூபாய்
டயர் (30,000 கி.மீ.க்கு ஒருமுறை 60,000): 2,000 ரூபாய்
பிரேக் பேடும் டிஸ்க்கும் (30,000 கி.மீ.க்கு ஒருமுறை 45,000): 1,500 ரூபாய்
எதிர்பாராத பழுதுக்கான சேமிப்பு: 5,000 ரூபாய்
மொத்தம்: 45,568 ரூபாய்

தவணையை நீக்கினால் எஞ்சுவது 26,000 ரூபாய். அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 26 ரூபாய். இந்தச் செலவு தவணையைவிடப் பெரிது என்பதையும், கடன் தீர்ந்த பிறகும் தொடரும் என்பதையும் கவனியுங்கள். நம்மிடம் வரும் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பட்டியலின் முதல் வரியை மட்டுமே மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

கடைசி வரியைப் பற்றியும் ஒரு சொல். மாதம் 5,000 ரூபாய் சேர்த்து ஒன்றரை லட்சமாக 30 மாதங்கள் ஆகும். பழுது அதுவரை காத்திருக்காது. ஆகவே, காரின் விலையில் பத்தில் ஒரு பங்கையேனும் தனி வைப்புநிதியாக வைத்துவிட்டு வாங்குவதே முறை. கையிலுள்ள பணம் முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, முதல் பழுதுக்குக் கடன் அட்டையை நீட்டுபவர், காரின் கடனைவிடப் பன்மடங்கு வட்டியுள்ள இன்னொரு கடனில் விழுகிறார்.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியவை

1,500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் ஆண்டுக் கட்டணம், 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. 1,000 முதல் 1,500 சி.சி. வரை அது 3,416 ரூபாய்தான். எஞ்சின் பெரிதாகும்போது கட்டணம் இரு மடங்கையும் தாண்டுவதைக் காணலாம்.

சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டில், பழுதுபட்ட பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு விலையில் பாதி தேய்மானமாகக் கழிக்கப்படும். உலோகப் பாகங்களுக்கு வயதுக்கேற்பக் கழிவு. ஐந்து முதல் பத்து ஆண்டு ஓடிய காருக்கு 40 விழுக்காடு. இக்கழிவைத் தவிர்க்கும் தேய்மானமில்லாக் காப்பீடு, ஐந்து ஆண்டைக் கடந்த கார்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே முன்பக்க பம்பரும் விளக்கும் உடைந்தால் பாதிச் சுமை நம் தலையில்தான்.

விற்றவர் பெற்றுவந்த உரிமைகோராச் சலுகை அவருக்கே உரியது. காரோடு நமக்கு வராது. காப்பீட்டை 14 நாள்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். ஆர்.சி. மட்டும் மாறி, காப்பீடு பழைய பெயரிலேயே இருக்கையில் விபத்து நேர்ந்தால், சொந்தச் சேதத்துக்கான இழப்பீடு மறுக்கப்படக்கூடும்.

மாநில எல்லையும் பழைய வெள்ளமும்

எல்லையோர மக்கள் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கார் தேடுவது இயல்பு. ஒரு மாநிலத்தில் பதிவான காரை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெறவேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். இதற்குப் பழைய மாநிலத்தின் தடையில்லாச் சான்று தேவை. விண்ணப்பம் படிவம் 28. புதிய மாநிலத்தில் சாலை வரியும் செலுத்தவேண்டும். கார் விலையோடு இந்த வரியையும் சேர்த்தால், மலிவாகத் தோன்றிய வெளிமாநிலக் கார் உள்ளூர்க் காரைவிட விலை கூடியதாகிவிடுவதுண்டு. முந்தைய உரிமையாளரின் கடன் தீர்ந்து, படிவம் 35 வழியாக ஆர்.சி.யிலிருந்து அடமானக் குறிப்பு நீக்கப்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் வந்த வெள்ளங்களில் எண்ணற்ற கார்கள் மூழ்கின. பெருமழை கண்ட எந்த நகரிலிருந்து வரும் காரையும் ஐயத்துடனே அணுகவேண்டும். சீட் பெல்ட்டை இறுதிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு தெரியலாம். இருக்கையின் அடித்தண்டவாளத்தில் துரு உண்டா, தரைவிரிப்பின் கீழ் வண்டல் உண்டா என்று நோக்குங்கள். மின்னணுப் பாகங்கள் நிறைந்த காரில் நீர் புகுந்த கேடு மாதங்கள் கழித்தே வெளிப்படும். அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து முழுச் சோதனை செய்வதும், முழுமையான சர்வீஸ் பதிவைக் கேட்பதும் வீண்செலவல்ல. பதிவு காட்ட மறுப்பவரிடம் விலை பேசாதிருப்பதே நலம்.

கட்டிப் பார்த்த பிறகு

கணக்குத் தாளைக் கண்ட இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஜீப்புக்கு ஒவ்வொரு ஸ்பிரிங் பட்டையையும் நோட்டில் எழுதுகிறேன். இதற்கு எழுதத் தோன்றவில்லையே சார்” என்றார்.

நான் அவருக்கு ஒரு வழி சொன்னேன். காரை வாங்குவதற்கு முன், வாங்கிவிட்டதாகவே எண்ணி, பெட்ரோல் நீங்கலாக எஞ்சிய 34,568 ரூபாயை மாதந்தோறும் தனிச் சேமிப்புக் கணக்கில் செலுத்திவரச் சொன்னேன். ஏப்ரலிலும் மே மாதத்திலும் பயணிகள் நிறைந்திருந்தனர், தடையின்றிச் செலுத்தினார். ஜூனில் சிரமப்பட்டுச் செலுத்தினார். ஜூலையில் மழை வலுத்தது, அறைகள் காலியாயின, ஜீப் வாசலிலேயே நின்றது. அம்மாதம் அவரால் பாதிகூடச் செலுத்த இயலவில்லை. உண்மையான தவணையாக இருந்திருப்பின் அது அவருடைய கடன் வரலாற்றில் கறையாகப் பதிந்திருக்கும். அந்தக் கறையோ, அறைகளை விரிவாக்க அவர் கேட்கவிருந்த கடனுக்கு இடையூறாகியிருக்கும்.

மறு ஆண்டு அவர் வேறொரு கார் வாங்கினார். டர்போ எஞ்சின்தான், ஆனால் சிறியது, சாதாரண கியர் கொண்டது, தேனியிலேயே சர்வீஸ் செய்யக்கூடியது. சேர்ந்த பணம் முன்பணமாயிற்று. கடன் மூன்று லட்சத்தில் அடங்கியது. ஒரு பகுதியை வைப்புநிதியாக விட்டுவைத்தார்.

விரும்பிய காரை வாங்கவே கூடாது என்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. மழைக்காலத்திலும் செலுத்தக்கூடிய தொகை எதுவோ, அதற்குள் அடங்கும் காரே நமக்குரிய கார். பழைய உயர்திறன் காருக்குக் கடன் கேட்டுக் கிளைக்கு வரும்போது, விலைச்சீட்டோடு மேற்கண்டது போன்ற மாதக் கணக்கு ஒன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். கடன் அலுவலருடன் அமர்ந்து அதை ஒருமுறை சரிபார்த்த பிறகு விண்ணப்பத்தில் கையொப்பமிடலாம்.