எப்படி இயங்குகிறது? லினக்ஸில் புது ஒஃபிஸ் வந்து சேரும் வழி

லினக்ஸ் மின்ட் 21 போட்ட கணினி ஒன்று. அப்டேட் மனேஜரைத் திறந்தால், எல்லாம் புதுப்பிக்கப்பட்டாயிற்று என்கிறது. ஆனால் லிப்ரே ஒஃபிஸைத் திறந்து, ‘உதவி’ப் பட்டியலின் அடியில் பதிப்பெண்ணைப் பார்த்தால் 7.3 என்று நிற்கிறது. 7.3 வெளிவந்தது 2022 பெப்ரவரியில். அதற்குப் பிறகு 7.4, 7.5, 7.6 வந்தன. 2024இலிருந்து ஆண்டும் மாதமுமே பதிப்பெண்ணாகி 24.2, 24.8, 25.2, 25.8 என்று வரிசை நீண்டுவிட்டது. அப்டேட் மனேஜர் பொய் சொல்லவில்லை. ஒஃபிஸ் பழசு என்பதும் உண்மை. இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன?

விடையைக் குசினிக்குள் போய்ப் பார்ப்போம். மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையில் புனித அந்தோனியார் திருவிழா. யாத்திரை வந்த உறவுக்காரரால் ஒரு வீடு நிறைந்திருக்கிறது. குசினியில் மூன்று பேர் சமைக்கிறார்கள்: ஒருவர் இறைச்சி, ஒருவர் மீன், ஒருவர் மரக்கறி. ஆள்தான் மூன்று, அடுப்படி ஒன்று, கறித்தூள் போத்தலும் ஒன்று. லிப்ரே ஒஃபிஸும் அப்படித்தான். கடிதம் எழுத ரைட்டர், கணக்குப் போட கல்க், படக்காட்சி செய்ய இம்பிரெஸ் என்று வெளியே தனித்தனியாகத் தெரியும். உள்ளே ‘கோர்’, ‘கொமன்’ என்ற பொதுப் பொதிகள் இருக்கின்றன. கோப்பைத் திறப்பது, பக்கத்தைத் திரையில் வரைவது, அச்சுக்கு அனுப்புவது எல்லாம் அந்தப் பொதுப் பகுதியின் வேலை. ஆகவே ரைட்டரை மட்டும் புதிதாக்கி, கல்க்கைப் பழையபடி விட முடியாது. போத்தலில் தூள் மாறினால் மூன்று சட்டியிலும் மாறும்.

இந்த வீட்டுக்குக் கலேவெலக் கடையொன்றில் கொப்பிக் கணக்கு இருக்கிறது என்று வையுங்கள். எந்தச் சாமானும் அங்கிருந்துதான் வரும். லினக்ஸில் அந்தக் கடைக்குப் பெயர் களஞ்சியம். மின்ட் 21இன் களஞ்சியத்தில் பெரும்பகுதி, 2022 ஏப்ரலில் வெளியான உபுண்டு 22.04இனுடையது. ஐந்து ஆண்டுக்கு, அதாவது 2027 வரை, ஒரே கலவையைத் தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நடுவில் தூள் பழுதானால் மாற்றித் தருவார், கலவையை மாற்றமாட்டார். பாதுகாப்பு ஓட்டைகளை உபுண்டு அடைப்பதும், பதிப்பை 7.3இலேயே நிறுத்தி வைப்பதும் இந்த ஒப்பந்தப்படிதான். அப்டேட் மனேஜரின் ‘எல்லாம் புதுசு’ என்பதற்கு ‘இந்தக் கடையில் உள்ளதெல்லாம் உங்களிடமும் உள்ளது’ என்பதே பொருள்.

தூளை அரைப்பவரோ வேறு ஆள். லிப்ரே ஒஃபிஸைக் கவனித்துக்கொள்வது பெர்லினில் பதிவான ‘த டொக்யுமென்ட் ஃபவுண்டேஷன்’. ஓப்பன் ஒஃபிஸிலிருந்து பிரிந்து 2010 செப்டம்பர் 28இல் தொடங்கிய அமைப்பு இது. ஆண்டுக்கு இரண்டு தடவை, பெப்ரவரியிலும் ஓகஸ்ட்டிலும், புதுப் பதிப்பு விடுகிறது. அரைக்கும் வேகம் அது. கடையின் வேகம் வேறு. பதிப்பெண்ணில் தெரிகிற இடைவெளி இவ்வளவுதான்.

இனி, புதுப்பிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் பட்டியல். ‘ஆப்ட்’ என்ற ஏவலாள் கடைக்குப் போய், இன்றைக்கு என்னென்ன சாமான் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் வாங்கி வருகிறார். டெர்மினலில் ‘ஆப்ட் அப்டேட்’ என்று அடிப்பது இதற்குத்தான். இந்தப் படியில் ஒரு செயலியும் மாறாது.

பிறகு கணக்கு. பட்டியலையும் வீட்டு அலுமாரியையும் ஒப்பிட்டு, எது மாற வேண்டும், அதற்குத் துணையாக எது வேண்டும் என்று ஆப்ட் பார்க்கிறார். ரைட்டருக்கு அதே பதிப்புக் கோர் வேண்டும். தமிழ் இடைமுகமும் சிங்கள இடைமுகமும் தனித்தனிப் பொதிகள். இரண்டும் பயன்படுத்தும் வீட்டில் அவையும் அதே பதிப்புக்கு வர வேண்டும். ஆகவே ஓர் ஒஃபிஸைப் புதுப்பிக்கப் போனால் நீளமான பெயர்ப்பட்டியல் வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் ‘நீக்கப்படும்’ என்ற தலைப்பின் கீழ் என்ன இருக்கிறது என்பதை மட்டும் வாசித்த பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

அடுத்து முத்திரை. பட்டியலில் களஞ்சியத்தின் மறைகுறியீட்டுக் கையொப்பம் இருக்கும். ஒவ்வொரு பொதிக்கும் உரிய கைரேகை போன்ற நீண்ட எண்ணும் அதில் உண்டு. இறங்கிய பொதியின் எண் பட்டியலோடு பொருந்தாவிட்டால் ஆப்ட் அதை வாசலிலேயே நிறுத்திவிடுவார். வழியில் யாராவது பொட்டலத்தை மாற்றியிருந்தாலும், இணையம் அறுந்து பொதி பாதியில் நின்றிருந்தாலும், இங்கேயே தெரிந்துவிடும்.

பிறகுதான் போத்தலில் கொட்டும் வேலை. இது ‘டிபிகேஜி’ என்ற இன்னொரு ஆளின் பொறுப்பு. அவர் பழைய தூளைக் கொட்டிவிட்டுப் புதியதை நிரப்புவதில்லை. முதலில் புதுக் கோப்பைப் பழையதன் பக்கத்திலேயே வேறு பெயரில் வைக்கிறார். முழுதாக வந்து சேர்ந்த பிறகு பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் அமர்த்துகிறார். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அப்படியொரு வெட்டு இந்த வேலையின் நடுவே வந்தால்கூட எதுவரை முடிந்தது என்ற குறிப்பு எஞ்சியிருக்கும். மின்சாரம் வந்ததும், விட்ட இடத்திலிருந்து அமைத்து முடிக்கும் கட்டளையை ஆப்ட்டே திரையில் எழுதிக் காட்டுவார். அதை அப்படியே அடித்தால் பெரும்பாலும் போதும். என்றாலும் மடிக்கணினியென்றால் மின்கலத்தை நிரப்பிக்கொண்டு தொடங்குவதே புத்தி.

அடுப்பில் சட்டி இருக்கும்போது தூளை மாற்றலாமா? லினக்ஸ் தடுக்காது. திறந்திருக்கும் செயலி, ஏற்கெனவே கையில் எடுத்த பழைய கோப்புகளை வைத்து ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் லிப்ரே ஒஃபிஸ் எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்து வைப்பதில்லை. தேவைப்படும்போதுதான் மற்றப் பகுதிகளைத் தேடிப் போகும். அப்போது கைக்கு வருவது புதுத் தூள். பாதிக் கறி பழையது, பாதி புதியது என்றாகி, செயலி விழுந்துவிடலாம். ஆகவே எல்லா ஆவணங்களையும் சேமித்து மூடிவிட்டுத் தொடங்குங்கள்.

இனி உங்கள் சொந்தக் கொப்பி. எந்தக் குசினியிலும் அம்மாவின் கைக்குறிப்புக் கொப்பி ஒன்று இருக்கும். ஒஃபிஸில் அது நீங்கள் சேர்த்த சொற்கள், தானியங்கித் திருத்தங்கள், வார்ப்புருக்கள், மேக்ரோக்கள், நீட்சிகள். இவை செயலியோடு இல்லை. உங்கள் ஹோம் அடைவுக்குள், புள்ளியில் தொடங்கும் ‘கொன்ஃபிக்’ என்ற மறைந்த அடைவில், ‘லிப்ரே ஒஃபிஸ்’ என்பதன் உள்ளே ‘4’ என்ற பெயரில் இருக்கின்றன. 2013இல் 4.0 வந்தபோது இட்ட எண் அது. பதிப்பு 25 ஆன பிறகும் அடைவின் பெயர் 4தான். அதனால்தான் புது ஒஃபிஸ் திறந்ததும் பழைய கொப்பியையே எடுத்து வாசிக்கிறது. புதுப்பிக்க முன் இந்த அடைவைப் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். புதுப்பித்த பிறகு செயலி தடுமாறினால் ‘உதவி’ப் பட்டியலில் ‘பாதுகாப்பு முறை’ இருக்கிறது. அது கொப்பியை ஒதுக்கி வைத்துவிட்டுத் திறக்கும். தவறு தூளிலா கொப்பியிலா என்று தெரிந்துவிடும்.

சரி, கடையில் இல்லாத புதுக் கலவைதான் வேண்டுமென்றால்? நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, கடையையே மாற்றுவது. மின்ட் 22க்குப் போனால் உபுண்டு 24.04இன் களஞ்சியம் கிடைக்கும். அதில் ஒஃபிஸ் 24.2. முழுக் கணினியும் மாறுவதால் வேலை பெரிது; ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்.

இரண்டாவது, கொப்பிக் கணக்கில் இன்னொரு கடையைச் சேர்ப்பது. உபுண்டு வகைகளில் இதற்குப் ‘பிபிஏ’ என்று பெயர். லிப்ரே ஒஃபிஸுக்கென்றே ஒன்று இருக்கிறது. அதன் பிறகு ஆப்ட் இரண்டு பட்டியலையும் பார்த்துப் புதியதை எடுப்பார்.

மூன்றாவது, அரைப்பவரிடமே நேரே வாங்குவது. இணையதளத்தில் கிடைக்கும் பொதிக்கட்டை இறக்கிப் பிரித்து நிறுவினால், அது ‘ஆப்ட்’டோடு பெயர் மயங்கும் ‘ஒப்ட்’ என்ற தனி அடைவில் போய் அமரும். பழையதும் பக்கத்தில் இருக்கும். மொழிப்பொதியைத் தனியாக இறக்க வேண்டும். அடுத்த பதிப்பு வரும்போது ஆப்ட் சொல்லமாட்டார். நீங்களே போய்ப் பார்க்க வேண்டும்.

நான்காவது ‘ஃப்ளாட்பாக்’. இது அடுப்பும் பாத்திரமும் தன்னோடு கொண்டு வரும் சமையல் கூட்டம். உங்கள் கடையில் என்ன பதிப்பு இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. பதிலுக்கு இறக்கம் பல நூறு எம்பி ஆகும். ரீலோட் போட்டுத் தரவு வாங்குபவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். இன்னொன்று: இந்தக் கூட்டம் வீட்டுக் கொப்பியை எடுப்பதில்லை, தனக்கென வேறு அடைவில் புதுக் கொப்பி தொடங்கும். ‘என் சொற்களெல்லாம் தொலைந்துவிட்டன’ என்று பலர் பதறுவது இதனால்தான். தொலையவில்லை, பழைய கொப்பி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மேலே சொன்ன ஆப்ட்டும் டிபிகேஜியும் டெபியன் குடும்பத்து ஆட்கள். பெடோரா வழிவந்த விநியோகங்களில் ஆட்களின் பெயர் வேறு, வேலை இதேதான்.

கடைசியாக, சமைத்து வைத்த கறி, அதாவது உங்கள் ஆவணங்கள். புதுப்பிப்பு இவற்றைத் தொடாது. ரைட்டர் சேமிக்கும் ஓடிடி கோப்பு என்பது எழுத்துக் கோப்புகள் சிலவற்றை ஒரு ஜிப் பொட்டலத்தில் கட்டியதுதான்; 2006இல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்ற வடிவம். பழைய கோப்பைப் புது ஒஃபிஸ் திறக்கும். புது ஒஃபிஸில் சேமித்ததைப் பழைய கணினி வைத்திருப்பவருக்கு அனுப்பும்போதுதான் சில அலங்காரம் உதிரலாம்.

தமிழில் எழுதுவோர் எழுத்துருவையும் பார்க்க வேண்டும். இலங்கையில் பாமினியில் தட்டச்சு செய்த கடிதங்கள் இன்னும் ஏராளம். பாமினி இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகத் தெரியும். ஒஃபிஸை மட்டும் புதுப்பித்தால் எழுத்துரு போகாது. கணினியை அழித்துப் புதிதாக நிறுவினால் போகும். ஆகவே முதலாவது வழியை எடுப்பவர் எழுத்துருக் கோப்பையும் பென்டிரைவில் போட்டுக்கொள்ளட்டும்.

எந்த வழி யாருக்கு? கடிதமும் கணக்கும் மட்டும் என்றால் கடை தரும் 7.3 போதும், பாதுகாப்புத் திருத்தம் 2027 வரை வரும். வெளியிலிருந்து வரும் வேர்ட், எக்செல் கோப்புகள் சிதைந்து திறந்தால், அல்லது தேவையான வசதி புதியதில் மட்டும் இருந்தால் மாறுங்கள். மாறிய அன்றே பழைய கடிதம் ஒன்று, கணக்குத் தாள் ஒன்று, பாமினிக் கோப்பு ஒன்று மூன்றையும் திறந்து, அச்சு முன்னோட்டம் பாருங்கள். மூன்றும் சரியென்றால் ‘ஆப்ட் கிளீன்’ கொடுத்து, இறக்கி வைத்த பொதிகளை அகற்றி இடத்தை மீட்டுக்கொள்ளலாம்.